ஒரு டிகிரி திருப்பினால் உலகம் மாறுமா? – வாசகர் கேள்வி பதில்

‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடரின் ‘தி ரியாலிட்டி வார்’ எபிசோடு மே 31, 2025 அன்று வெளியானது. அதைப் பற்றி வந்த கடிதங்களில் கோபம் ஒரு பக்கம், குழப்பம் ஒரு பக்கம். பதில் சொல்லக்கூடியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். கதையின் முடிவு வெளிப்படையாகப் பேசப்படுகிறது. இன்னும் பார்க்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

மகள் சொல்லி இந்த சீசனில்தான் பார்க்க ஆரம்பித்தேன். கடைசி எபிசோடில் ரானி என்கிறார்கள், ஓமேகா என்கிறார்கள். பழையதெல்லாம் பார்த்திருந்தால்தான் புரியுமா?
– ஒரு வாசகர், மயிலாப்பூர்

நான்கு வரி தெரிந்தால் போதும். டாக்டர் ‘டைம் லார்ட்’ என்ற இனத்தைச் சேர்ந்தவர். ரானியும் அதே இனம். அறம் என்ற தொல்லையே இல்லாத விஞ்ஞானி. 1985இல் முதன்முதலில் வந்தபோது கேட் ஓ’மாரா நடித்தார். சுரங்கத் தொழிலாளர்களின் மூளையிலிருந்து தூக்கம் தரும் ரசாயனத்தை உறிஞ்சி எடுப்பதுதான் அவளுடைய அன்றைய வேலை. 2023 கிறிஸ்துமஸ் முதல் பக்கத்து வீட்டு அம்மாளாக வந்துபோன மிசஸ் ஃப்ளட்தான் ரானி என்பது 2025 மே 17 எபிசோடில் தெரிந்தது. அங்கேயே அவள் இரண்டாகப் பிரிய, புதிய ரானியாக ஆர்ச்சி பஞ்சாபி வந்தார்.

ஓமேகா கதைதான் வேறு மாதிரி. 1972 டிசம்பர் கடைசியில் தொடங்கிய ‘தி த்ரீ டாக்டர்ஸ்’ கதையில், டைம் லார்டுகளுக்குக் காலப்பயண சக்தியைத் தேடிக் கொடுத்துவிட்டு எதிர்ப்பொருள் உலகத்தில் சிக்கிக்கொண்ட பொறியாளன் அவன். முகமூடியைக் கழற்றினால் உள்ளே ஆளே இல்லை. உடல் எப்போதோ அழிந்து, வெறும் வைராக்கியம் மட்டும் மிச்சம். அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு 2025இல் வரும் ராட்சத எலும்புக்கூடு எரிச்சலூட்டியதில் வியப்பில்லை. பார்க்காத உங்களுக்கோ அது இன்னொரு பூதம், அவ்வளவுதான். எனவே ‘பழையது தெரியாததால் ரசிக்க முடியவில்லை’ என்ற குற்ற உணர்ச்சி வேண்டாம். தெரிந்தவர்கள்தான் அதிகம் ஏமாந்தார்கள்.

டாக்டரின் பேத்தி சூசனை நினைத்துக் காத்திருந்தவர்களும் உண்டு. 1963இல் அந்தப் பாத்திரத்தில் நடித்த கரோல் ஆன் ஃபோர்டையே இந்த சீசனில் அழைத்து வந்து முகம் காட்டிவிட்டு, கடைசி எபிசோடில் அதைப் பற்றி ஒரு முடிவும் சொல்லாமல் விட்டார்கள். அந்தக் கோபம் முழுக்க நியாயமானது.

போப்பி என்ற குழந்தையைக் காப்பாற்ற டாக்டர் தன் உயிர்சக்தியைச் செலவழித்து ‘யதார்த்தத்தை ஒரு டிகிரி’ நகர்த்துகிறாரே, இது அறிவியலா, அம்புலிமாமாவா?
– ஒரு வாசகி, அம்பத்தூர்

அறிவியல் இல்லை. கோணத்தை அளக்க ஒரு மையம் வேண்டும், அச்சு வேண்டும். யதார்த்தத்துக்கு இரண்டும் கிடையாது. ஆனால் எங்கள் புகார் அதுவல்ல. இந்தத் தொடரில் டாக்டர் பயணிக்கும் ‘டார்டிஸ்’ என்ற நீலப் பெட்டிக்குள் ஒரு மாளிகையே இருக்கிறது. அதை அறுபது வருடமாக ஒப்புக்கொண்டுதான் பார்க்கிறோம். கதைக்குள் ஒரு விதி இருக்கலாம், அது பௌதிகத்தோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. பார்க்கவேண்டியது, அந்த விதியை எப்போது சொன்னார்கள் என்பதுதான்.

சாகும் நிலையில் டாக்டர் வேறு உடலுக்கு மாறுவார், நடிகரும் மாறுவார். அந்த உருமாற்ற சக்தி பயங்கரமானது என்பது பழைய செய்தி. 2010இல் டேவிட் டென்னன்ட் உருமாறியபோது டார்டிஸின் உட்புறமே எரிந்தது. 2013இல் மேட் ஸ்மித் அதே சக்தியால், டாக்டரின் பரம எதிரிகளான டாலெக்குகளின் கப்பலை வீழ்த்தினார். ஆக, சக்தி இருப்பது நியாயம். ஆனால் அதை வைத்து உலகத்தையே லேசாகத் திருப்பலாம் என்பதை, தேவைப்படும் நேரத்துக்குச் சற்றுமுன்தான் சொல்கிறார்கள். இதையே முந்தைய எபிசோடான ‘விஷ் வேர்ல்ட்’டில் ஒரு வசனமாகப் போட்டிருந்தால், இதே காட்சி கண்ணீர் வரவழைத்திருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் பெலிண்டாவுடையது. டாக்டரோடு பயணம் செய்து, சீசன் முழுக்க வீட்டுக்குப் போக வேண்டும் என்று துடித்த செவிலியர் அவர். காரணம் அவருடைய வேலை, அவருடைய பெற்றோர், அவருடைய வாழ்க்கை. உலகம் திரும்பிய பிறகு போப்பி அவருடைய மகளாகிவிட, ‘குழந்தைக்காகத்தான் போகத் துடித்தேன்’ என்று பழைய காட்சிகளே மாற்றிக் காட்டப்படுகின்றன. எட்டு எபிசோடாக வளர்ந்த பாத்திரத்தின் காரணத்தை ஒரே நிமிடத்தில் அழித்து எழுதியது அது. அவரிடம் ஒருவரும் சம்மதம் கேட்கவில்லை. முதல் எபிசோடில், கேட்காமலே தன் மரபணுவைச் சோதித்ததற்காக டாக்டரைக் கடிந்துகொண்டவர் இதே பெலிண்டா என்பதை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியில் பில்லி பைப்பர் வருகிறாரே, அவர்தான் அடுத்த டாக்டரா? பன்னிரண்டு முறைதான் மாற முடியும் என்று எங்கேயோ படித்த ஞாபகம்.
– ஒரு வாசகர், பெரம்பூர்

பெயர் ஓடும்போது கவனித்தீர்களா? வழக்கமாக ‘டாக்டராக அறிமுகம்’ என்று போடுவார்கள். இந்த முறை ‘அறிமுகம் பில்லி பைப்பர்’ என்று மட்டும் போட்டார்கள். ‘டாக்டராக’ என்ற சொல்லை விட்டது கைதவறியது அல்ல. வேறு வழியையும் திறந்து வைத்திருக்கிறார்கள்.

பழைய முகம் திரும்புவதற்கு முன்னுதாரணம் உண்டு. 2022 அக்டோபரில் ஜோடி விட்டேக்கர் உருமாறியபோது டென்னன்ட் முகம்தான் வந்தது. பீட்டர் கப்பால்டி 2008இல் பாம்பெய் நகரத்துக் கதையில் ரோமானியராக நடித்தவர். டாக்டர் ஏன் அந்த முகத்தை எடுத்தார் என்பதற்கு 2015இல் காரணமே சொன்னார்கள். பைப்பரும் 2005, 2006இல் டாக்டரின் தோழி ரோஸாக வந்தவர். 2013 பொன்விழா எபிசோடில், ஓர் ஆயுதத்தின் மனச்சாட்சி ரோஸின் உருவத்தில் தோன்றியபோதும் அவர்தான் நடித்தார்.

எண்ணிக்கைக் கணக்கு 1976இல் வந்த ‘தி டெட்லி அசாசின்’ கதையிலிருந்து தொடங்குகிறது. பன்னிரண்டு மாற்றம், பதின்மூன்று உயிர். 2013 கிறிஸ்துமஸ் எபிசோடில் டாக்டருக்குப் புதிய சுற்று வழங்கப்பட்டது. 2020இல் அவருக்கு எல்லையே இல்லாமல் இருக்கலாம் என்றார்கள். ஆகவே கணக்கு நோட்டை மூடிவிடலாம். முதல் மாற்றமே கதைக்காக நடந்ததல்ல. முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னலுக்கு உடல்நிலை சரியில்லை. தொடரை நிறுத்த மனமில்லாமல் 1966 அக்டோபர் 29 அன்று பேட்ரிக் ட்ரௌட்டனாக மாற்றினார்கள். அந்த மாற்றத்துக்கு ஒரு பெயர் கிடைக்கவே 1974 ஆனது.

பட்டியலில் ‘சீசன் 1’ என்று அழுத்தினால் ஒரு கறுப்பினக் கதாநாயகர் வருகிறார். நண்பர் சொன்ன ‘சீசன் 1’இல் தோல் ஜாக்கெட் போட்டவர். எது சரி?
– ஒரு வாசகர், குரோம்பேட்டை

இரண்டும் சரி. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. 1963இல் தொடங்கி 1989 வரை 26 சீசன். 2005இல் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார்கள், அதுதான் ஜாக்கெட்காரர் கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன். 2024இல் ஷூட்டி காட்வா வந்தபோது மீண்டும் ஒன்று. சீசன் எண்ணைச் சொல்லாமல் வருடத்தைச் சொல்லிப் பேசுங்கள், சண்டை வராது. புதிதாகத் தொடங்க 2005 நல்லது. ஒரே ஒரு எபிசோடு பார்த்து முடிவெடுக்க வேண்டுமென்றால் 2007இன் ‘பிளிங்க்’.

இசை காதைக் கிழிக்கிறது, பேச்சு கேட்கவே இல்லை. சத்தத்தைக் கூட்டினால் மாடி வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார். டிவியில் கோளாறா?
– ஒரு வாசகி, கே.கே. நகர்

கோளாறு இல்லை, கலவைதான் காரணம். 5.1 ஒலித்தடத்தில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்று தனியாக வரும். உங்கள் டிவியில் இருப்பதோ இரண்டு ஸ்பீக்கர், அதுவும் அடியிலோ பின்பக்கமோ சுவரைப் பார்த்து. ஐந்து தடத்தையும் இரண்டில் அடக்கும்போது பேச்சின் அளவு குறைகிறது, சுற்றுத்தட இசையும் அதன்மேல் ஏறிக்கொள்கிறது.

செலவில்லாத வைத்தியத்தை முதலில் பாருங்கள். செயலியின் ஆடியோ, சப்டைட்டில் மெனுவில் 5.1 அல்லாத ஆங்கிலத் தடம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ‘விர்ச்சுவல் சரவுண்ட்’ என்று எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள், பேச்சைக் கலைப்பதில் அதற்கு நிகர் இல்லை. ‘கிளியர் வாய்ஸ்’ அல்லது ‘நைட் மோட்’ இருந்தால் போடுங்கள். நைட் மோட் உரத்த சத்தத்தை அமுக்கி மெல்லிய சத்தத்தைத் தூக்கும், மாடி வீட்டுக்காரருக்கும் அதுவே மருந்து. மின்விசிறி ஐந்தில் ஓடினால் மூன்றுக்கு இறக்குங்கள். மெய்யெழுத்துச் சத்தங்கள் அந்த இரைச்சலில்தான் முதலில் காணாமல் போகின்றன.

இதற்கும் மசியாவிட்டால் ரிச்சி தெருவுக்குப் போய் சவுண்ட்பார் வாங்கலாம். 2.1 என்று எழுதியதை எடுக்காதீர்கள், அதில் நடு ஸ்பீக்கர் கிடையாது. 3.1 என்று கேளுங்கள். டிவியின் பின்னால் ‘ஏஆர்சி’ என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையில்தான் அதன் கேபிளைச் செருக வேண்டும். வேறு துளையில் செருகிவிட்டு ‘சத்தமே வரவில்லை’ என்பது அடிக்கடி நடப்பது.

படம் சீரியல் மாதிரி வழவழவென்று ஓடினால் அதற்குக் காரணம் வேறு. சாம்சங்கில் ‘ஆட்டோ மோஷன் பிளஸ்’, எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’ என்ற பெயரில் இருப்பதை அணையுங்கள். பிரிட்டிஷ் தொடர்கள் நொடிக்கு 25 ஃப்ரேம். 60 ஹெர்ட்ஸ் திரையில் 25 சமமாகப் பிரியாது, அதனால் கேமரா பக்கவாட்டில் நகரும்போது வெட்டி வெட்டி நகரும். ஃபயர் டிவி குச்சியில் டிஸ்பிளே அமைப்புக்குள் ‘மேட்ச் ஒரிஜினல் ஃப்ரேம் ரேட்’ இருக்கிறது. அதைப் போட்டால், டிவிக்கு 50 ஹெர்ட்ஸ் வரும் பட்சத்தில் சரியாகிவிடும்.

2017இல் வந்த ‘வேர்ல்ட் இனஃப் அண்ட் டைம்’ எபிசோடைப் பிளஸ் டூ மாணவர்களுக்குக் காட்ட நினைக்கிறேன். கருந்துளைக்குப் பக்கத்தில் நிற்கும் கப்பலில் மேலே 2 நாள், கீழே 1000 வருடம் என்கிறார்கள். எவ்வளவு தூரம் சரி?
– ஓர் இயற்பியல் ஆசிரியை, நங்கநல்லூர்

தாராளமாகக் காட்டுங்கள். திசை சரி, அளவு தவறு. இரண்டையும் பிரித்துக் காட்டினால் அதுவே ஒரு முழு வகுப்பு.

சரியான பகுதி இது: ஈர்ப்பு அதிகமான இடத்தில் கடிகாரம் மெதுவாக ஓடும். அதற்கு நம் கைபேசியின் ஜிபிஎஸ்ஸே சாட்சி. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளின் கடிகாரம், ஈர்ப்பு குறைவதால் நாளுக்கு 45 மைக்ரோநொடி முந்துகிறது, வேகத்தால் 7 மைக்ரோநொடி பிந்துகிறது. நிகரம் 38. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 10 கிலோமீட்டருக்கு மேல் பிழை சேரும். கிண்டி என்று காட்ட வேண்டியது எங்கேயோ காட்டும்.

இப்போது கணக்கு. கப்பலின் நீளம் 400 மைல், அதாவது சுமார் 644 கிலோமீட்டர். அதன் ஓட்டுநர் அறை கருந்துளைப் பக்கம். 1000 வருடத்தை 2 நாளால் வகுத்தால் விகிதம் சுமார் 1,82,500. கருந்துளை கப்பலைவிட மிகப் பெரியது, கப்பல் நகராமல் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், இரு முனைகளின் கடிகார விகிதமும் கருந்துளையின் விளிம்பிலிருந்து அவை இருக்கும் தூரங்களின் விகிதமும் ஒன்றே. அப்படியானால் ஓட்டுநர் அறை விளிம்பிலிருந்து மூன்றரை மீட்டரில் நிற்க வேண்டும், ஒரு மாடி உயரம்தான். அங்கே விழாமல் நிற்கத் தேவையான முடுக்கத்தை, ஒளிவேகத்தின் வர்க்கத்தை அந்தத் தூரத்தால் வகுத்துக் கண்டுபிடிக்கலாம். விடை, பூமி ஈர்ப்பைப்போல் சுமார் 26 கோடி கோடி மடங்கு. டாக்டர் அங்கே நின்று பலகையில் விளக்கம் எழுதுகிறார்!

மாணவர்களிடம் தலைகீழாகவும் போடச் சொல்லுங்கள். மேல்முனையில் மனிதன் தாங்கும்படி பூமி அளவு ஈர்ப்பே இருந்தால், 644 கிலோமீட்டர் இடைவெளியில் 1000 வருடத்துக்கு எவ்வளவு வித்தியாசம் வரும்? இரண்டு நொடியும் கொஞ்சமும். அதை வைத்துக் கதை எழுத முடியாது என்பதால்தான் எழுத்தாளர் கணக்கை விட்டுவிட்டுக் கதையைப் பிடித்தார். சரியாகத்தான் பிடித்தார். மேலே டாக்டர் நிதானமாக விளக்கிக்கொண்டிருக்க, கீழே அவருடைய தோழி பில் வருடக்கணக்காகக் காத்திருக்கிறாள். விதியை முன்கூட்டியே சொல்லிவிட்டு அதையே வலியாக மாற்றினார்கள். மேலே அம்பத்தூர் வாசகிக்குச் சொன்ன குறை இங்கே கிடையாது.

எபிசோடு முடிந்ததும் கருத்து எழுதுகிறேன். ஆனால் எல்லாரும் எழுதியதையே நானும் எழுதியதுபோல் இருக்கிறது. வீடியோவாகப் போட்டால் காப்புரிமைப் பிரச்சினை வேறு. என்ன செய்வது?
– ஒரு கல்லூரி மாணவி, வேளச்சேரி

முதல் முறை பார்க்கும்போது கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். கையில் தாள் மட்டும். உங்கள் கவனம் சிதறிய இடத்திலும் நிமிர்ந்து உட்கார்ந்த இடத்திலும் நிமிடக் கணக்கை மட்டும் குறியுங்கள், கருத்து வேண்டாம். முடிந்தவுடன், ஒருவர் எழுதியதையும் படிக்குமுன், ஐந்து வரி எழுதுங்கள். பின்னால் எவ்வளவு திருத்தினாலும் அந்த ஐந்து வரியைத் தொடாதீர்கள். மறுநாள் சப்டைட்டிலோடு குறித்த இடங்களை மட்டும் திரும்பப் பாருங்கள். சலித்த இடத்துக்குக் காரணம் பெரும்பாலும் அந்தக் காட்சியில் இருக்காது. அதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஒரு கேள்வி தீர்ந்து, அடுத்த கேள்வி எழும்பாமல் இருந்திருக்கும். ‘ரியாலிட்டி வார்’ அதற்கு நல்ல உதாரணம். ஓமேகாவை ஒரு துப்பாக்கி வீச்சில் திருப்பி அனுப்பிய பிறகு பயப்பட எதுவும் இல்லை. நீண்ட கடைசிப் பகுதி முழுக்க போப்பியை நம்பி நிற்கிறது. போப்பி உங்களுக்கு ஒரு பொருட்டாக இருந்தால் எபிசோடு பிடிக்கும், இல்லாவிட்டால் பிடிக்காது. விமர்சனங்கள் இரண்டாகப் பிரிந்ததே அங்கேதான்.

வீடியோ விஷயம். 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள அனுமதிக்கிறது. ஆனால் யூட்யூபில் முதலில் உங்களைப் பிடிப்பது சட்டம் அல்ல, ‘கன்டென்ட் ஐடி’ என்ற தானியங்கி. அதற்கு விமர்சனமும் தெரியாது, நியாயமும் தெரியாது. படத்தை இடம்வலம் திருப்புவது, சத்தத்தை அரைச்சுரம் ஏற்றுவது எல்லாம் பழைய தந்திரம், நம்பாதீர்கள். துண்டுகளைச் சில நொடிகளுக்குள் வைத்து, அவற்றின் மேல் உங்கள் குரலை ஓட விடுங்கள், பின்னணி இசையை எடுத்துவிடுங்கள். பல இடங்களில் ஒரு நிழற்படமே போதும். ‘கிளெய்ம்’ வந்தால் பதறாதீர்கள், அது ‘ஸ்ட்ரைக்’ அல்ல. பெரும்பாலும் விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகும், அவ்வளவுதான். மறுத்தால் எதிர்த்தரப்பு 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஸ்ட்ரைக்தான் ஆபத்து, 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும்.

ஒரு வேண்டுகோள்: முகப்புப் படத்தில் பில்லி பைப்பரைப் போடாதீர்கள். தாம்பரம் ரயிலில் நின்றுகொண்டு கைபேசியைத் திறப்பவர் இன்னும் பார்த்திருக்க மாட்டார்.

பிரிட்டன் நேரத்தை நம் நேரமாக மாற்றுவதில் ஒரு மணி நேரம் தவறிப்போகிறதே?
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி கூட்டுங்கள், மற்ற மாதங்களில் ஐந்தரை. கோடையில் அங்கே காலை 8 என்றால் இங்கே பகல் 12.30. அங்கே மாலை 6.50 என்றால் இங்கே இரவு 11.20. கிறிஸ்துமஸ் எபிசோடுக்குத்தான் பலர் கோடைக் கணக்கையே போட்டு ஒரு மணி நேரம் முன்னதாக உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பழைய கறுப்பு வெள்ளைக் கதைகளைப் பார்க்க ஆசை. சில எபிசோடுகள் கார்ட்டூனாக வருகின்றனவே?
– ஒரு வாசகர், திருவல்லிக்கேணி

அவை தொலைந்து போனவை. அந்தக் காலத்து இரண்டங்குல வீடியோ டேப் விலை அதிகம், எனவே அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்தினார்கள். வெளிநாட்டுக்கு விற்க 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்த பிரதிகள்தான் பல கதைகளைக் காப்பாற்றின. அப்படியும் 1960களின் எபிசோடுகளில் தொண்ணூறுக்கும் மேல் தொலைந்தன. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒலி இருக்கிறது, ரசிகர்கள் வீட்டில் டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்ததால். அந்த ஒலியின் மேல்தான் கார்ட்டூன் வரைகிறார்கள். சில கதைகள் திரும்பவும் கிடைத்தன. ‘டூம் ஆஃப் தி சைபர்மென்’ ஹாங்காங்கில் கிடைத்தது. 2013இல் நைஜீரியாவிலிருந்து ஒன்பது எபிசோடுகள் திரும்பியதாக அறிவிப்பு வந்தது.

பார்க்கும் முறைக்கு இரண்டு யோசனை. திரையை 4:3 அளவிலேயே விடுங்கள். ‘ஜூம்’ போட்டால் தலை வெட்டுப்படும், இழுத்தால் எல்லாரும் குண்டாவார்கள். நாளுக்கு ஒரு 25 நிமிட எபிசோடு, அதற்கு மேல் வேண்டாம். வாரம் ஒன்றாகப் பார்க்க எழுதியவை அவை. ஒரே மூச்சில் பார்த்தால், பிடிபடுவதும் தப்புவதும் மறுபடி பிடிபடுவதும் அலுத்துவிடும். 1970களின் கதைகளில் வெளிப்புறம் மங்கலாகவும் உள்ளே பளிச்சென்றும் மாறி மாறி வந்தால் டிவியைத் தட்ட வேண்டாம். வெளியே ஃபிலிம், ஸ்டூடியோவில் வீடியோ என்று எடுத்தது அப்படித்தான் தெரியும்.

பெலிண்டாவாக நடித்த வரதா சேது தமிழரா?
– ஒரு வாசகி, சைதாப்பேட்டை

மலையாளி. கேரளத்தில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். இந்தியத் தொடர்பு வேண்டுமென்றால் இன்னும் பழையது இருக்கிறது: 1963 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பான முதல் எபிசோடை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர்.